பதினான்காவது ஆளுக்குப் பிறகு

உங்கள் அறை மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறது, மேடம். புஷ் தேய்ந்திருக்கிறது. அரை மணி நேர வேலைதான், யாரிடமாவது சொல்லிவையுங்கள். காலையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய் நிறுத்திவிடலாமா என்று மூன்று தடவை தோன்றிவிட்டது. இருபத்திரண்டு வருடம் தையல் மெஷின்களோடு கிடந்தவனுக்கு இதெல்லாம் காதில் விழாமல் போகாது.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். படத்தை நீங்கள் பார்த்திருப்பதால் பாதி வேலை மிச்சம். ஆரம்பத்தில் 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று வெள்ளை எழுத்தில் போடுகிறார்களே, அது பொய்யில்லை. மூன்றாவது மாடித் தையல் கூடத்தில் தீப்பிடித்தது உண்மை. முன்படிக்கட்டு பக்கமாக இருந்த இஸ்திரி மேசைகளில்தான் தீ தொடங்கியது. முதலில் ஓடியவர்கள் தப்பித்தார்கள், பின்வரிசையில் இருந்த இருபது பேர் மாட்டிக்கொண்டார்கள். பின்படிக்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் படிக்கட்டுப் பக்கம்தான் இருந்தது. வேலை நேரத்தில் யாரும் நழுவிப் போய்விடக் கூடாது என்று முதலாளி செய்த ஏற்பாடு. இரண்டாவது மாடியில் என் ரிப்பேர் அறையிலிருந்து நான் ஓடிப் போய் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்தேன். உள்ளே இரண்டு முறை போனேன். பதினான்கு பெண்களை வெளியே தள்ளிவிட்டேன். என் இடது கையில் முழங்கைவரைக்கும் இருக்கிற தழும்பு மேக்கப் இல்லை. இதையெல்லாம் யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது, நீங்கள் உட்பட.

ஆறு பேர் வரவில்லை. ஐந்து பெண்கள், அவர்களோடு சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என் தங்கச்சியின் கணவர். கதவுக்கு முன்னால் துணி அடுக்குகிற இரும்பு ராக் சரிந்து விழுந்து வழியை அடைத்துவிட்டது என்று சொன்னேன். விசாரணைக்கு வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். எல்லாமே கரியாகிக் கிடந்த இடத்தில் எது முதலில் விழுந்தது என்று யார் கேட்பார்கள். அதோடு அந்த வாரம் ஊருக்கு ஒரு நல்ல ஆள் தேவைப்பட்டான். நான் கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

தங்கச்சி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. எனக்கும் இல்லை. நான், என் மனைவி, அவள் என்று மூன்று பேர். அவளை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். அவள் டம்ளரை அவள் கழுவ விட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து இயக்குநர் வந்தார். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. பாட்டு, சண்டை எதுவும் கிடையாது, ஒரு மனுஷனைப் பற்றிய படம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். நான் இரண்டு முறை வேண்டாம் என்றேன். தங்கச்சிதான் பிடிவாதம் பிடித்தாள்.

"அவரும் படத்துல வருவாருல்ல அண்ணா? ரெண்டு நிமிஷம் வந்தாலும் போதும். அவரு நடக்கறதை நான் இன்னொரு தடவை பாக்கணும்."

இப்படிக் கேட்டால் எந்த அண்ணன் மறுப்பான்.

நடிகர் எங்கள் வீட்டு மாடி அறையில் நாற்பது நாள் தங்கினார். நல்ல பையன். பெரிய ஆள் என்கிற பந்தா துளியும் இல்லை. தட்டை அவரே கழுவி வைப்பார். என் மனைவியிடம் வெங்காயம் வாங்கி நறுக்கிக் கொடுப்பார். ஆனால் கண் மட்டும் என் மேலேயே இருக்கும். நான் எப்படி உட்காருகிறேன், எந்தக் காலைச் செருப்பில் முதலில் விடுகிறேன், தும்மலுக்கு முன்னால் மூக்கை எந்தப் பக்கம் சுளிக்கிறேன், எல்லாம் பார்ப்பார். பத்தாவது நாள் அவர் படியில் இறங்கி வந்த சத்தத்தைக் கேட்டு என் மனைவி, "கடைக்குப் போகலையா நீங்க?" என்று கேட்டாள். நான் அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் 'நகல்' என்று பெயர் வந்துவிட்டது.

"நகல் சாப்பிட்டாச்சு, அசல் எப்போ சாப்பிடும்?" என்பாள்.

வீட்டுக்குள் என்னை நானே எதிரில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே ஏற்கெனவே நான் இருப்பேன். மொட்டை மாடிக்குப் போனேன், கூடவே வந்தார். சாமான் வாங்கத் தெருவில் இறங்கினேன், பத்தடி பின்னால் என் நடையிலேயே வந்தார். இருப்புக்கொள்ளாமல் வீட்டில் இருந்த பூட்டு, குழாய், மிக்ஸி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்துத் தந்தார்.

தீப்பிடித்த நாளைப் பற்றி மட்டும் பதினொரு முறை சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் செல்போனை ஸ்டூல் மேல் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார். நானும் சொன்னேன். ஒரே மாதிரிதான் சொன்னேன். வார்த்தையில் நான் தப்பு விட்டதே இல்லை.

ஒருநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். தாழ்ப்பாளைத் திறந்தேன்னு சொல்லும்போது உங்க கை வலது பக்கம் போகுது. சரி. ஆனா கடைசி ஆளு வெளிய வந்தாங்கன்னு சொல்லும்போது அதே கை திரும்பி இடது பக்கம் வருது. அப்புறம் சட்டையில துடைச்சுக்கறீங்க. பதினொரு தடவையும். அது என்ன அண்ணே?"

வேலை செய்கிற கை, சும்மா இருக்காது என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். சந்தேகமாகக் கேட்கவில்லை, அவருக்குத் தொழில் சுத்தம், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் பேசும்போது கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். நான்கே நாளில் அவரும் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார். என் மனைவி, "ரெண்டு பேருக்கும் அப்படி என்ன குளிரு?" என்றாள்.

கதவுக் காட்சியை ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் செட் போட்டு எடுத்தார்கள். பத்து மணிக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். தங்கச்சியும் நானும் மானிட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செட்டை அப்படியே போட்டிருந்தார்கள். மெஷின் வரிசை, துணிக்கட்டுகள், மூலையில் பஞ்சுத் தூசிகூட. நான்காவது டேக்கில் நடிகர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பதினான்காவது பெண் அவரைத் தாண்டிப் படியில் இறங்கினாள். அவருடைய வலது கை காற்றில் இடது பக்கமாக ஒரு தடவை திரும்பி வந்தது. பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அந்தக் கை. அந்தக் கையை விட்டுடாதீங்க" என்றார்.

தங்கச்சி என் கையை விட்டாள். உதறவில்லை. மடியில் இருக்கிற ஒரு பொருளைப் பக்கத்து நாற்காலியில் எடுத்து வைப்பது மாதிரி மெதுவாக வைத்தாள். பிறகு இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னாள். இயக்குநருக்கு இளகிய மனசு, மூன்று தடவை போட்டுக் காட்டினார்.

"தம்பி, இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்று நடிகரிடம் கேட்டாள்.

"அண்ணன்தான்க்கா. எப்போ சொன்னாலும் அவரு கை அப்படித்தான் போகும்."

அவள் எழுந்து செட்டுக்குள் போனாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று தாழ்ப்பாளை வலது பக்கம் தள்ளினாள். இடது பக்கம் இழுத்தாள். மறுபடி வலது. மறுபடி இடது. லைட் பிடிக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாவம், புருஷன் ஞாபகம் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ராக்கு விழுந்து வழி அடைச்சுடுச்சுன்னு சொன்ன. நான் அவரை அடையாளம் காட்டப் போனப்போ, ஆறு பேரும் கதவடியிலதான் கிடந்தாங்கன்னு தீயணைப்பு ஆபீசர் சொன்னாரு. வழி அடைஞ்சிருந்தா கதவுகிட்ட எப்படி அண்ணா வந்தாங்க?"

புகையில் தரையோடு ஊர்ந்து வந்திருப்பார்கள் என்றேன். அவள் "சரி" என்றாள். எனக்கு அந்த 'சரி' பிடிக்கவில்லை. சின்ன வயதில் நான் அவளுடைய மிட்டாயைத் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தபோதும் இப்படித்தான் 'சரி' என்பாள். பிறகு நேராக அம்மாவிடம் போவாள்.

அதற்கடுத்த ஐந்து நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தாழ்ப்பாளையும் திறந்து திறந்து மூடினாள். குளியலறை, சமையலறை, பீரோ. அந்தச் சத்தம் எனக்கு எங்கே போனாலும் கேட்டது. தெருமுனைக் கடையில் நின்றால்கூடக் கேட்டது. பிறகு அவள் உயிர் பிழைத்த பெண்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள். கடைசியாக வெளியே வந்த பெண் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அக்கா வந்து ஏதேதோ கேக்கறாங்க. உன் பின்னாடி யாரு குரல் கேட்டுச்சு, என்ன சொன்னாங்கன்னு. எனக்கு என்னத்த ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு மனசு சரியில்லையோ?"

இந்த வார்த்தையை நான் கண்டுபிடிக்கவில்லை, மேடம். அடுத்தவர்கள்தான் என் கையில் கொடுத்தார்கள்.

மனநல ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். டிவியில் பார்த்திருக்கிறார். என் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தூங்குவதில்லை என்றேன். நாள் முழுக்கத் தாழ்ப்பாள்களைத் திறந்து மூடுகிறாள் என்றேன். தன் புருஷனைக் கொன்றதே நான்தான் என்கிறாள் என்றேன். அத்தனையும் உண்மை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதுவும் நடிப்பில்லை.

அவளை அங்கே சேர்க்க வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் போட்டேன். என் மனைவி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, பத்து நாள் வீட்டுலயே வெச்சுப் பாக்கலாமே. நான் பக்கத்துலயே இருந்துக்கறேன்."

"அவ நல்லதுக்குத்தான்" என்றேன். போட்டாள். அவளை இதில் இழுக்காதீர்கள், அவளுக்கு எதுவும் தெரியாது.

தங்கச்சி கத்தவில்லை, கூச்சல் போடவில்லை. டாக்டருக்கு முன்னால் என்னைப் பார்த்து மட்டும் கேட்டாள்.

"அண்ணா, நான் சொல்றது பைத்தியக்காரத்தனம்னு நீ நெனைக்கறியா?"

"இல்லம்மா" என்றேன். அதுவும் உண்மைதான். டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். அண்ணன் ரொம்பப் பொறுமைசாலி என்று எழுதியிருப்பதை இரண்டு மாதம் கழித்து நானே கோப்பில் பார்த்தேன்.

படம் வந்தது. தியேட்டரில் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கையசைவைப் பற்றி ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள், காப்பாற்ற முடியாமல் போன ஆறு பேரை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் கை என்று. எனக்கே அது சரியாகத்தான் பட்டது. வெற்றி விழாவில் நடிகர் என்னைத் தேடி வந்து, "அக்கா எங்கண்ணே?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொல்லாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்று சொன்னேன்.

பழக்க தோஷம், அவர் அங்கேயும் போய் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். மூன்று தடவை போனாராம். தன்னைப் பைத்தியம் என்று எழுதி வைத்தவர்களிடம் பதினான்கு மாதம், அவர்கள் கதவடிக்கு எப்படி வந்தார்கள் என்ற ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தவளை அவர் ஒருவர்தான் முழுசாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது தடவை வீட்டுக்குப் போய், பழைய பதினொரு வீடியோவையும் திறந்து வைத்துக்கொண்டு, என்னை மாதிரியே நின்று செய்து பார்த்தாராம். நேற்று இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசைக்கு எதிரில் நின்று செய்து காட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாகவே செய்கிறார்.

சரி, ஆறு பேர் விஷயத்துக்கு வருகிறேன்.

இஸ்திரி மேசைக்குப் போகிற ஒயரில் ஒரு ஜாயின்ட் சூடாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை திங்கட்கிழமை சொன்னார், "மச்சான், அந்த ஒயரு சுடுது, மாத்திடு." புதன்கிழமை மறுபடியும் சொன்னார். வியாழக்கிழமை அதன் மேல் டேப் சுற்றிவிட்டேன். சனிக்கிழமை மாற்றுவதாக இருந்தேன். நிச்சயமாக மாற்றியிருப்பேன். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்குத் தீப்பிடித்தது.

இந்த விஷயம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்னை மாட்டிவிட வேண்டாம் என்று அவர் அதை நோட்டில்கூட எழுதவில்லை. அப்படிப்பட்ட மனுஷன். நான் தாழ்ப்பாளைத் திறந்ததும் ஓடி வந்து முதல் ஆளாகப் போயிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. அவர் கூடத்தின் கோடியில் நின்று ஒவ்வொருத்தியாக என் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் இங்கே வாங்கி வெளியே தள்ளினேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பதினான்கு பேரைக் காப்பாற்றினோம். படத்தில் இது வரவில்லை, நான் சொல்லவில்லை.

பதினான்காவது பெண்ணைப் படியில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். புகைக்குள் அவர் முகம் தெரிந்தது. பத்தடி தூரம் இருக்கும். ராக் எதுவும் விழவில்லை.

"மச்சான், கதவைப் பிடிச்சுக்கோ. அஞ்சு பேரு இருக்காங்க, கூட்டிட்டு வர்றேன்" என்றார். பிறகு இருமிக்கொண்டே, "அந்த ஒயருதான் மச்சான்" என்றார்.

குற்றம் சாட்டவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, தகவல் மாதிரி சொன்னார். ஆனால் வெளியே வந்த பிறகும் அதே மாதிரி சாதாரணமாகச் சொல்லுவாரே, மேடம். கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவருக்கு மறைக்கத் தெரியாது. அதை யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை இடது பக்கம் இழுத்தேன். அது சூடாக இருந்தது, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஐந்து பெண்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவர்கள் அவரோடு வந்தார்கள், அவ்வளவுதான். அதில் ஒருத்திக்கு முதல் நாள்தான் புது ஊசி மாற்றிக் கொடுத்திருந்தேன்.

தட்டினார்கள். ரொம்ப நேரம் இல்லை, சத்தம் நின்றதும் தாழ்ப்பாளைத் திரும்பத் திறந்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அவர் என்னைத் திட்டவில்லை, "மச்சான், தாழ்ப்பாள் விழுந்துடுச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தானாக விழுந்துவிட்டது என்றுதான் கடைசிவரைக்கும் நினைத்திருக்கிறார். அது எனக்கு ஒரு ஆறுதல்.

அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தங்கச்சியை வெளியே விடச் சொல்லிவிட்டதாகவும், மத்தியானம் இங்கேதான் அழைத்து வருகிறார்கள் என்றும் சொன்னீர்கள். அவள் வந்தால் ஜன்னலோரமாக உட்கார வையுங்கள். இந்த அறைக் கதவை மட்டும் சாத்த வேண்டாம், அவளுக்குத் தாங்காது. டீயில் சர்க்கரை அரை ஸ்பூன் போதும். வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டாள், நாமாகத்தான் பார்த்துச் செய்ய வேண்டும். இத்தனை நாள் அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். இனிமேல் என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் காலையிலிருந்து எனக்கு ஒரே கவலையாக இருக்கிறது.